விடுமுறைக்கால உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சி: இளநிலை மாணவர்களுக்கு உண்மையிலேயே பலன் தந்ததா என்று எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: பயிற்சி_ஒருங்கிணைப்பு

வணக்கம். விடுமுறையில் 10 வாரம் நடக்கும் உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சி ஒன்றை மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு 96 விண்ணப்பம் போல வரும், இடம் 24. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆய்வகம், அதன் தலைவராக ஒரு பேராசிரியர், அன்றாடம் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு பிஎச்.டி. மாணவர் அல்லது போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்து ஆய்வில் இருப்பவர்). வாரம் ஒரு பொது வகுப்பு. கடைசி வாரம் போஸ்டர் (ஆய்வை ஒரு பெரிய தாளில் காட்டி விளக்குவது).

கையில் இருக்கும் தரவு கடைசி நாள் சர்வே மட்டும்தான். 1 முதல் 5 வரை மதிப்பெண், 3 ஆண்டுகளாகச் சராசரி 4.6க்குக் கீழே இறங்கவில்லை. நிதி தருபவர்கள் இப்போது கேட்பது வேறு கேள்வி: "இந்தப் பயிற்சி இல்லாவிட்டாலும் இவர்கள் ஆராய்ச்சிக்குப் போயிருப்பார்களா?" 4.6 இதற்குப் பதில் சொல்லாது.

அடுத்த தேர்வுக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. யாரோடு ஒப்பிடுவது? எதை வைத்து அளப்பது? வழிகாட்டுதலின் தரத்தைத் தனியாக அளக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: எண்_கணக்கு

4 மாதம் இருப்பது நல்லது. இந்த வேலையில் பாதி, மாணவர் ஆய்வகத்துக்குள் கால் வைக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். பயிற்சி முடிந்த பிறகு ஒப்பிட ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

முதலில் சிக்கல் எங்கே என்று பார்ப்போம். 24 பேரில் 17 பேர் ஆராய்ச்சிக்குப் போனார்கள் என்று வையுங்கள். 71% என்று அறிக்கையில் போடலாம். ஆனால் அந்த 24 பேரையும் நீங்கள் எப்படி எடுத்தீர்கள்? நல்ல மதிப்பெண், நல்ல பரிந்துரைக் கடிதம், "ஆராய்ச்சி செய்ய ஆசை" என்று உருக்கமாக எழுதிய கட்டுரை. ஆராய்ச்சிக்குப் போகப் போகிறவர்களைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவர்கள் போனதற்குப் பயிற்சிதான் காரணம் என்று சொல்ல முடியாது. அதோடு 24-ல் 17 என்பதன் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 51% முதல் 85% வரை விரியும். அடுத்த ஆண்டு 14 ஆகக் குறைந்தாலும் 20 ஆகக் கூடினாலும் அதற்குப் பொருள் எதுவும் இல்லாமல் போகலாம்.

உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற வழி, தேர்வின் நடுப்பகுதியில் மட்டும் குலுக்கல். தேர்வுக் குழு 96 பேரையும் வரிசைப்படுத்தட்டும். முதல் 12 பேருக்கு நேரடியாக இடம். கடைசி 48 பேர் இந்த ஆண்டு இல்லை. நடுவில் இருக்கும் 36 பேரைப் பார்த்தால் 14-ஆம் இடத்தில் இருப்பவருக்கும் 40-ஆம் இடத்தில் இருப்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று எந்தக் குழுவாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த 36 பேரில் குலுக்கி 12 பேரை எடுங்கள். மீதி 24 பேர் ஒப்பீட்டுக் குழு. 4 ஆண்டு தொடர்ந்தால் 48 பேருக்கு எதிரே 96 பேர் சேர்வார்கள். இது குழுவுக்கு 64 பேர் வைத்து இரண்டு சமமான குழுக்களை ஒப்பிடுவதற்கு நிகரான பலம். சராசரியில் அரை திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) அளவுக்கு மாற்றம் இருந்தால் அதை 80% வாய்ப்போடு பிடித்துவிடலாம். விகிதத்தை அளப்பதானால் இன்னும் பொறுக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் 50%, பயிற்சி பெற்றவர்களில் 70% என்ற வேறுபாட்டைப் பிடிக்கச் சமமான குழுக்களில் தலா 93 பேர் வேண்டும், உங்கள் வேகத்தில் அதற்கு 6 ஆண்டு. இதை நிதி தருபவர்களிடம் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். முதல் ஆண்டு முடிவில் "நிரூபித்துவிட்டோம்" என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

குலுக்கலுக்கு ஒப்புதல் கிடைக்காவிட்டால் இரண்டு வழி உண்டு. ஒன்று, இடம் கொடுத்தும் வராதவர்களோடு ஒப்பிடுவது. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-ல் தொடங்கிய, அறிவியல் மாணவர்களுக்கான மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம் இப்படித்தான் தன்னை அளந்தது. தேர்வாகியும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டவர்களோடு பார்த்தபோது, திட்டத்தில் சேர்ந்தவர்கள் பிஎச்.டி. அல்லது எம்.டி.-பிஎச்.டி. (மருத்துவமும் ஆராய்ச்சியும் சேர்ந்த படிப்பு) பக்கம் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு. தேர்வுக் குழுவின் பார்வையில் இரு தரப்பும் ஒரே தகுதி என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு உண்டு. ஆனால் வராமல் போனவர் ஏன் வரவில்லை என்பதையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவப் படிப்பு கிடைத்ததால் வரவில்லை என்றால் அவர் உங்களுக்குச் சரியான ஒப்பீடு இல்லை.

இன்னொன்று ப்ரொபென்சிட்டி ஸ்கோர், 1983-ல் ரோசன்பாமும் ரூபினும் கொண்டுவந்த முறை. முந்தைய மதிப்பெண், எடுத்த பாடங்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரியா, முன்பு ஆய்வகத்தில் இருந்தாரா போன்றவற்றை வைத்து "இவர் பயிற்சியில் சேரும் வாய்ப்பு எவ்வளவு" என்று கணக்கிட்டு, ஒரே அளவு வாய்ப்பு உள்ளவர்களைச் சேராதவர்களிடமிருந்து தேடி ஜோடி சேர்ப்பது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு ஆய்வுத் திட்டத்தை (2005-ல் தொடங்கியது) 2016-ல் இப்படி அளந்து வெளியிட்டார்கள். மூன்று பருவமும் முடித்தவர்களில் அறிவியல்-தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர்கள் 94%, ஜோடி சேர்க்கப்பட்டவர்களில் 71%. மதிப்பெண் சராசரியில் வேறுபாடு தெரியவில்லை. இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: மூன்று பருவமும் தாக்குப்பிடித்தவர்கள் என்பதே ஒரு தேர்வுதான். அதனால் உங்கள் கணக்கில் நான்காவது வாரம் விலகிப் போனவரையும் பயிற்சிக் குழுவிலேயே வைத்து எண்ணுங்கள். அவரைக் கழித்தால் விகிதம் அழகாகும், ஆனால் பொய்யாகும்.

கடைசியாக, நிறைய இடங்களில் கெட்டுப்போகும் ஒரு சின்ன விஷயம். ஆரம்ப நிலைப் படிவத்தை (பயிற்சிக்கு முன் மாணவரின் திறனையும் எண்ணத்தையும் கேட்டுப் பதிவது) விண்ணப்பத்தோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் எல்லோரும் "பிஎச்.டி. செய்வது உறுதி" என்றுதான் எழுதுவார்கள், தேர்வுக் குழு பார்க்கும் என்று அவர்களுக்குத் தெரியும். விண்ணப்பக் கெடு முடிந்த மறுநாள் அனுப்பி, முடிவு அறிவிக்கும் முன்பு வாங்கிவிடுங்கள். தேர்வுக் குழுவுக்கு இது போகாது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். முடிவு தெரிந்த பிறகு அனுப்பினால் இடம் கிடைக்காதவர்களில் பலர் பதில் போட மாட்டார்கள்.

பதில் 2: அளவுகோல்

மேலே சொன்னது "யாரோடு" என்பது. "எதை வைத்து" என்பதற்கு வருகிறேன்.

கடைசி நாள் சர்வேயில் 4.6 வருவதற்குக் காரணம் எளிது. போஸ்டர் முடிந்து, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு, பரிந்துரைக் கடிதம் இன்னும் கைக்கு வராத நாளில் யாரும் 3 போட மாட்டார்கள். திருப்தியைக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் அதைக் கற்றலின் அளவாக எடுக்கக் கூடாது.

ஆயத்தமாக இருக்கும் சர்வேக்களில் இரண்டு பெயர் அடிக்கடி வரும். கிரின்னல் கல்லூரியின் டேவிட் லொப்பாட்டோ உருவாக்கிய ஷ்யூர் சர்வே ஒன்று. கொலராடோ பல்கலைக்கழகம், போல்டரில் உருவான யு.ஆர்.எஸ்.எஸ்.ஏ. மற்றொன்று. இரண்டுமே மாணவர் தானே தன்னைப் பற்றிச் சொல்வது. "தரவைப் பகுத்தாய்வதில் எவ்வளவு முன்னேறினீர்கள்?" என்ற கேள்விக்கு வரும் பதில், முன்னேற்றத்தை மாணவர் எப்படி உணர்கிறார் என்பது. அவர் உண்மையில் பகுத்தாய்வாரா என்பது தனி. 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் இளநிலை ஆய்வு அனுபவங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இந்தக் குறையைத்தான் சுட்டியது: இருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி மாணவர் தானே சொன்னவை, காரணத்தை நிறுவும் வடிவமைப்பு கொண்டவை குறைவு.

அதனால் மூன்று அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்வு அடுக்கில் நம்பிக்கையை மட்டும் கேட்காமல், "நான் ஓர் அறிவியலாளர்" என்ற அடையாள உணர்வையும் கேளுங்கள். மிகா எஸ்ட்ராடாவும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் காட்டியது இதுதான்: தன்னம்பிக்கையை விட, தன்னை அறிவியலாளராகக் காண்பதும் அந்தச் சமூகத்தின் மதிப்பீடுகளைத் தனதாக்கிக்கொள்வதும் தொடர்ந்து அறிவியலில் நிற்பதோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. வாக்கியங்களை மாற்றாமல் எடுங்கள். 5 புள்ளி அளவை 7 ஆக மாற்றினால்கூட மற்றவர்கள் எண்களோடு ஒப்பிட முடியாது. மொழிபெயர்ப்பதானால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்க்க வேண்டும். பிறகு 5 மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். "வழிகாட்டி" என்றால் பேராசிரியரா, பக்கத்தில் நிற்கும் பிஎச்.டி. மாணவரா என்ற குழப்பம் அங்கேயே வெளிவரும்.

இந்த அடுக்கில் ஒரு பொறி இருக்கிறது. முதல் நாள் "சோதனை வடிவமைக்கத் தெரியும்" என்பதற்கு மாணவர் 4 போடுவார். பத்து வாரம் கழித்து, தனக்கு எவ்வளவு தெரியாது என்று தெரிந்த பிறகும் 4-தான் போடுவார். சில சமயம் 3. கற்றதனால்தான் மதிப்பெண் இறங்கியது! இதைச் சமாளிக்கக் கடைசியில் இரண்டு கட்டம் கொடுப்பார்கள்: "இப்போது" ஒன்று, "இப்போது யோசித்தால், ஆரம்பத்தில்" மற்றொன்று. உண்மையான முன் அளவீட்டையும் விட்டுவிடாதீர்கள், மூன்று எண்ணையும் அருகருகே போடுங்கள்.

இரண்டாவது, செய்து காட்டும் அடுக்கு. இ.டி.ஏ.டி. என்ற சோதனை வடிவமைப்புத் திறன் தேர்வு 2011-ல் வெளியானது. ஜின்செங் மூலிகை தாங்குதிறனைக் கூட்டும் என்ற விளம்பரத்தைக் கொடுத்து, அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பீர்கள் என எழுதச் சொல்வது, 10 மதிப்பெண். அதே பாணியில் உங்கள் துறைக்கு ஏற்ற இரண்டு கேள்வி தயார் செய்யுங்கள். ஒன்று ஒரு மாத்திரை தூக்கத்தைக் கூட்டுமா என்பது, இன்னொன்று ஒரு மூலக்கூறு புற்றணுக்களின் பெருக்கத்தைக் குறைக்குமா என்பது. பாதிப் பேருக்கு முதலில் ஒன்று, பாதிப் பேருக்கு முதலில் மற்றது. கடைசியில் மாற்றிக் கொடுங்கள். அப்போதுதான் பழகிய கேள்வி என்பதால் வந்த மதிப்பெண் கலக்காது. விடையில் தேடுவது: ஒப்பீட்டுக் குழு உண்டா, போலி மருந்து அல்லது கரைப்பான் மட்டும் சேர்த்த செல் வளர்ப்புத் தட்டு உண்டா, எதை எந்த அலகில் அளக்கிறார், வேறு எதையெல்லாம் மாறாமல் வைக்கிறார், எத்தனை பேர் அல்லது எத்தனை தட்டு, சோதனையைத் திரும்பச் செய்கிறாரா, யாருக்கு எது என்பதைச் சீரற்ற முறையில் பிரித்தாரா. செல் வளர்ப்பில் பலர் விடுவது அந்தக் கரைப்பான் கட்டுப்பாடு. மூலக்கூறை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துச் சேர்த்துவிட்டு, எதுவும் சேர்க்காத செல்லோடு ஒப்பிடுவார்கள். டி.எம்.எஸ்.ஓ.வே அளவு கூடினால் செல்லைப் பாதிக்கும் என்பது, கையால் செய்தவருக்குத்தான் சட்டென்று நினைவுக்கு வரும். பயிற்சி வேலை செய்ததா என்று அறிய இப்படிப்பட்ட ஒரு வரி போதும்.

திருத்துபவர்கள் இருவர் வேண்டும். எது முன், எது பின் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. தேதியை மறைத்து, கலைத்துக் கொடுங்கள். உடன்பாட்டை வெறும் சதவீதத்தில் சொல்லாதீர்கள். ஒரு கணக்கு: 40 விடையில் "ஒப்பீட்டுக் குழு உண்டு" என்று இருவரும் சொன்னது 22, "இல்லை" என்று இருவரும் சொன்னது 10, மாறுபட்டது 8 (இரு பக்கமும் 4, 4). உடன்பாடு 80%. ஆனால் இருவரும் 65% விடைகளுக்கு "உண்டு" போடும் வழக்கம் உள்ளவர்கள் என்பதால் தற்செயலாகவே 54.5% ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்த கோஹென் கப்பா 0.56-தான். அப்படி வந்தால் விதியை இன்னும் தெளிவாக எழுதி, மாறுபட்ட 8 விடையையும் இருவரும் பேசித் தீர்த்து, புதிதாக 20 விடை எடுத்து மறுபடி பாருங்கள்.

மூன்றாவது நடத்தை அடுக்கு: பயிற்சிக்குப் பிறகு ஆய்வகத்துக்குத் திரும்பினாரா, எங்கே சேர்ந்தார். அதை நீண்டகாலத் தொடர்பு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பயிற்சி_ஒருங்கிணைப்பு

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு தயக்கம். குலுக்கல் என்றால் பேராசிரியர்கள் "தகுதியை அவமதிப்பது" என்று எதிர்க்கிறார்கள். அடுத்து, ஓர் ஆய்வகத்தில் ஒரே ஒரு மாணவர்தான். வழிகாட்டியைப் பற்றி அவர் என்ன எழுதினாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். பிறகு எப்படி உண்மையைச் சொல்வார்?

பதில் 3: மேசைக்குப்_பக்கத்தில்

இரண்டாவது கேள்விக்கு என் பதில். உங்கள் பயம் முழுக்க நியாயமானது. இதைத் தீர்க்காமல் வழிகாட்டுதலை அளக்கத் தொடங்கினால் எல்லாக் கட்டத்திலும் 5-தான் வரும்.

பதில்களைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் வாங்கி வைக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளரான நீங்களே வாங்கக் கூடாது. வழிகாட்டிக்குத் தனிப்பட்ட அறிக்கை ஒருபோதும் ஒரே மாணவரை வைத்துப் போகக் கூடாது. ஒரே வழிகாட்டியிடம் பல ஆண்டுகளில் 5 மாணவராவது சேர்ந்த பிறகு, சராசரியாக மட்டும். பரிந்துரைக் கடிதம் எழுதி அனுப்பியாயிற்று என்று உறுதியான பிறகுதான் எதுவும் வெளியே வரும் என்பதை மாணவருக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: துன்புறுத்தல், பாதுகாப்பு மீறல், தரவைத் திரித்தல் பற்றிய தகவல் வந்தால் அது சர்வேக்குள் தங்காது, உரிய குழுவுக்குப் போகும்.

கேள்வித்தாளுக்கு, மென்டரிங் காம்பிடென்சி அசெஸ்மென்ட் என்று ஒன்று 2013-ல் வெளிவந்தது. எம்.சி.ஏ. என்ற சுருக்கத்தில் தேடினால் கணினிப் படிப்புதான் வரும், முழுப் பெயரில் தேடுங்கள். 26 கேள்வி, 7 புள்ளி அளவு, ஆறு பகுதி: தொடர்பு, எதிர்பார்ப்புகளை ஒத்துக்கொள்வது, மாணவருக்குப் புரிந்ததா என்று அறிவது, தனித்து இயங்கப் பழக்குவது, பன்முகத்தன்மையைக் கையாள்வது, தொழில் வளர்ச்சிக்கு உதவுவது. வழிகாட்டி தனக்கும், மாணவர் வழிகாட்டிக்கும் போடலாம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பயனுள்ள எண். "புரிந்ததா என்று அறிவேன்" என்று வழிகாட்டி தனக்கு 6 போட்டு, மாணவர் 3 போட்டால், அடுத்த ஆண்டு வழிகாட்டிகளுக்கான பயிலரங்கில் எதை எடுத்துப் பேசுவது என்று தெரிந்துவிடும். பேராசிரியருக்கு ஒரு தாள், அன்றாடம் சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு தாள் என்று பிரித்தே வாங்குங்கள். "உங்கள் வழிகாட்டி" என்று பொதுவாகக் கேட்டால் பாதிப் பேர் ஒருவரை நினைத்தும் பாதிப் பேர் மற்றவரை நினைத்தும் எழுதுவார்கள், தரவு வீணாகும்.

ஆனால் எம்.சி.ஏ.யை 10-வது வாரம் வாங்கி என்ன பயன்? அந்த மாணவருக்கு விடுமுறை முடிந்துவிட்டது. மூன்றாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை இரண்டே நிமிடத்தில் முடியும் ஒரு தாள் அனுப்புங்கள். அதில் மிக முக்கியமான கேள்வி: "உங்கள் ஆய்வுக் கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள்." அதே நாள் வழிகாட்டியிடமும் அதே இரண்டு வரியைக் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். வழிகாட்டி எழுதுவது இப்படி இருக்கும்: "இந்தப் புரதத்தை நீக்கினால் காயம் ஆறும் இடத்துக்கு மேக்ரோஃபேஜ் (ஒரு வகை நோயெதிர்ப்பு செல்) வருவது தாமதமாகிறதா என்று பார்க்கிறோம்." மாணவர் எழுதுவது: "எலிகளின் மரபணு வகையை பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் சோதனை) செய்து பார்க்கிறேன்." மாணவர் எழுதியது பொய் இல்லை, மூன்று வாரமாக அதைத்தான் செய்கிறார். அவருக்கு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆய்வு கொடுக்கப்படவில்லை. அந்த ஜோடி வரிகளைப் பார்த்த 48 மணி நேரத்துக்குள் ஒருவர் அந்த ஆய்வகத்துக்கு நேரில் போக வேண்டும். குற்றம் சாட்ட வேண்டாம். "இந்த வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து பெரிய படத்தை வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் போதும்.

அதே தாளில் இன்னும் மூன்று: இந்த வாரம் அன்றாட வழிகாட்டியோடு உட்கார்ந்து பேசியது எத்தனை நிமிடம் (கூட நின்று வேலை செய்தது சேராது), நீங்களே எடுத்த முதல் தரவு கிடைத்துவிட்டதா, தவறு செய்தால் யாரிடம் சொல்வீர்கள். கடைசிக் கேள்விக்குக் காலியாக விட்டவர்களைக் கவனியுங்கள்.

முதல் தரவு எந்த வாரம் கிடைத்தது என்பதைத் தனியாகப் பதியச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உயிர்மருத்துவத்தில் 10 வாரத்தை விழுங்கும் காரணங்கள் பெரும்பாலும் மாணவர் கையில் இல்லை. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில் மாணவர் பெயர் சேர்க்கப்படாமல் இருக்கும். மனிதப் பங்கேற்பாளர் பயிற்சிச் சான்றிதழ் வராமல் நோயாளித் தரவுத்தளம் திறக்காது. ஆன்டிபாடி வந்து சேராது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றிய செல்களைத் தூக்கிப்போட்டுவிட்டு உறைநிலையிலிருந்து புதிதாக வளர்க்க இரண்டு வாரம் போகும். 24 பேரில் 8 பேருக்கு முதல் தரவு ஆறாவது வாரத்துக்குப் பிறகுதான் கிடைத்தது என்றால் பிழை தயாரிப்பில், அது மாணவர் தேர்வோடு சம்பந்தப்பட்டதல்ல. ஒப்புதலும் சான்றிதழும் முதல் நாளுக்கு முன்பே முடிந்திருக்கும் ஆய்வகங்களுக்கு மட்டும் மாணவரை அனுப்புவது என்ற ஒரே விதி அடுத்த ஆண்டு எண்ணை மாற்றும். கூடவே, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். ஏற்கெனவே எடுத்து வைத்த நுண்ணோக்கிப் படங்களை எண்ணுவது போன்ற, கணினி மட்டும் போதுமான வேலை.

இன்னொரு தாள், கடைசி வாரத்துக்கு. கேள்வி எழுப்புதல், வடிவமைப்பு, தரவு எடுத்தல், பகுத்தாய்வு, பொருள் கொள்ளுதல், எடுத்துரைத்தல் என்று ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே: நான் பார்த்தேன், சேர்ந்து செய்தேன், நானே செய்தேன். மாணவர் ஒன்று, வழிகாட்டி ஒன்று நிரப்பட்டும். போஸ்டர் எல்லோருக்கும் ஒரே அழகில் இருக்கும். இந்தத் தாளில்தான் ஆய்வகங்களுக்கு இடையில் உள்ள வேறுபாடு தெரியும்.

பதில் 1: எண்_கணக்கு

குலுக்கல் எதிர்ப்பு பற்றி: முதலில் பேராசிரியர்களை ஒரு சிறு சோதனைக்கு அழையுங்கள். போன ஆண்டு விண்ணப்பங்களில் நடுவில் வந்த 20-ஐப் பெயர் நீக்கி, இரண்டு பேர் தனித்தனியாக மறுபடி வரிசைப்படுத்தட்டும். இரண்டு வரிசையும் எவ்வளவு பொருந்துகின்றன என்று அவர்களே பார்க்கட்டும். நடுப்பகுதியில் பொருத்தம் குறைவாக இருந்தால், இப்போது நடப்பதும் ஒரு வகைக் குலுக்கல்தான், பதிவு செய்யாத குலுக்கல் என்பது அவர்களுக்கே விளங்கும். நன்றாகப் பொருந்தினால் அவர்கள் சொல்வது சரி, அப்போது குலுக்கலை விட்டுவிட்டு ப்ரொபென்சிட்டி ஸ்கோருக்குப் போங்கள்.

வெட்டுக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருப்பவர்களை ஒப்பிடும் முறையை யாராவது பரிந்துரைக்கலாம். 1960-ல் திசில்த்வெயிட்டும் கேம்பெல்லும் தகுதிச் சான்றிதழ் பெற்ற மாணவர்களை அளக்கக் கொண்டுவந்தது. அருமையான முறை, ஆனால் 24 இடத்துக்குப் பொருந்தாது. கோட்டுக்குப் பக்கத்தில் இரு புறமும் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள்.

ஒப்பீட்டுக் குழுவிலுள்ளவர்கள் அந்த விடுமுறையில் என்ன செய்தார்கள் என்றும் கேட்க மறக்காதீர்கள். அவர்களில் பாதிப் பேர் வேறு பயிற்சிக்குப் போயிருந்தால், உங்கள் எண் "பயிற்சிக்கும் வெறுமைக்கும்" உள்ள வேறுபாட்டைக் காட்டாது. உங்கள் பயிற்சிக்கும் அவர்கள் வழக்கமாகத் தேடிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். நிதி தருபவர் கேட்டதும் அதுதான். முடிவுகளை வெளியிடும் எண்ணம் இருந்தால் ஆரம்பப் படிவம் போகும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பின்தேதியிட்டுக் கிடைக்காது.

பதில் 4: தொடர்பில்_இருப்போம்

நீண்டகாலத் தொடர்பு பத்தி யாரும் இன்னும் சொல்லலை, அதனால நான்.

முதல்ல "வெற்றி"ன்னா என்னன்னு இப்பவே எழுதி வைங்க. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2014-ல் 10 இடங்களில் பில்ட் திட்டத்தைத் (பல பின்னணி மாணவர்களை உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொண்டுவர்றது) தொடங்கினப்போ, மாணவர், ஆசிரியர், நிறுவனம்னு மூணு மட்டத்துக்கும் வெற்றியின் அடையாளங்கள்னு ஒரு பொதுப் பட்டியல் வைச்சு, மதிப்பீட்டுக்குத் தனி மையமும் வைச்சாங்க. உங்களுக்கு அவ்வளவு பெரிசா வேண்டாம். ஆனா ஆய்வகத் தொழில்நுட்பர் வேலை கணக்குல வருமா? மருத்துவப் படிப்பு? எம்.டி.-பிஎச்.டி.? இதைத் தரவு வந்த பிறகு முடிவு பண்ணினா, எண் எந்தப் பக்கம் நல்லா இருக்கோ அந்தப் பக்கம் கை தானாப் போகும்.

கட்டுரைல பேர் வந்ததை முக்கிய அளவா வைக்காதீங்க. 10 வாரத்துல எடுத்த தரவு அச்சுல வர ரெண்டு மூணு வருஷம் ஆகலாம். வருதா வரலையாங்கறது மாணவரை விட ஆய்வகத்தைப் பொறுத்தது. பட்டம் வாங்கி ஆறு மாசத்துல எடுக்கிற கணக்கும் ஏமாத்தும். நிறையப் பேர் ஒண்ணு ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டுதான் மேல்படிப்புக்குப் போவாங்க. பட்டத்துக்கப்புறம் 1, 3, 5-வது வருஷம்னு மூணு தடவை பாருங்க.

கல்லூரி மின்னஞ்சல் முகவரி பட்டம் முடிஞ்சதும் செத்துப்போகும். சொந்த மின்னஞ்சல், கைபேசி எண், அதோட அவங்க எங்க இருந்தாலும் தகவல் தெரியக்கூடிய ரெண்டு பேரோட தொடர்பு எண், அந்த ரெண்டு பேரோட சம்மதத்தோட. ஒப்பீட்டுக் குழுகிட்டயும் இதே அளவு வாங்கணும். பயிற்சி பெற்றவங்களை மட்டும் விரட்டி விரட்டிக் கேட்டா, அவங்க கூடுதலா ஆராய்ச்சிக்குப் போன மாதிரி தெரியும், உண்மையில் அவங்களைக் கூடுதலாத் தேடியிருக்கீங்க, அவ்வளவுதான். வருஷா வருஷம் ஒரே மாசம், அஞ்சே கேள்வி, கைபேசியில் ஒரு நிமிஷத்துல முடியணும். ஆர்கிட் எண் (ஒவ்வொரு ஆய்வாளருக்கும் உள்ள தனி அடையாள எண்) முதல் வாரத்துலயே எடுக்க வைங்க, பின்னால கட்டுரை தேடறப்ப ஒரே பேர் உள்ளவங்க குழப்பம் வராது.

பதில் 2-ல் சொன்ன "இப்போது யோசித்தால், ஆரம்பத்தில்" கட்டத்துல எனக்கு முழு உடன்பாடு இல்லை. பத்து வாரம் உழைச்சவர், வளர்ந்திருக்கேன்னு காட்டிக்கத்தான் விரும்புவார். பழைய எண்ணைத் தானாக் குறைச்சுப் போடுவார். அதைத் தனியா அறிக்கைல போடாதீங்க. சோதனை வடிவமைப்புத் தேர்வு எண்ணோட ஒரே திசையில் போனா மட்டும் சேர்த்துப் போடுங்க.

பதில் 2: அளவுகோல்

பதில் 4 சொல்வது சரி. அந்தத் திரிபு உண்டு, மூன்று எண்ணையும் அருகருகே போடச் சொன்னது அதனால்தான். இரண்டு கட்டத்துக்கும் இடையில் உயர்வு தெரிந்தும் தேர்வு எண் அசையாமல் நின்றால், முன்னேற்றம் என்று எழுதாதீர்கள்.

பயிற்சி_ஒருங்கிணைப்பு

ஒரே ஒரு கேள்வி பாக்கி. தொடர்பு கிடைக்காமல் போனவர்களை என்ன செய்வது? இப்போது பதில் வந்தவர்களை மட்டும் வைத்துத்தான் சதவீதம் போடுகிறோம்.

பதில் 4: தொடர்பில்_இருப்போம்

அப்படிப் போடக் கூடாது. நாலு வருஷத்துல 96 பேர், பதில் போட்டது 60, அதுல ஆராய்ச்சில இருக்கிறது 42-ன்னு வைங்க. 70%-ன்னு எழுதத் தோணும். ஆனா ஆராய்ச்சியை விட்டவங்கதான் பதில் போடத் தயங்குவாங்க. தெரியாத 36 பேரும் போகலைன்னு வைச்சா 44%. எல்லாரும் போயிருக்காங்கன்னு வைச்சா 81%. இந்த ரெண்டு எல்லையையும் அறிக்கைல போடுங்க, நடுவுல 70%-ஐயும் "பதில் தந்தவர்களில்"னு தெளிவாச் சொல்லிப் போடுங்க. அப்புறம் அந்த 36 பேர்ல ஒரு பத்துப் பேரைச் சீரற்ற முறையில் எடுத்து, முழு முயற்சியோட தேடுங்க: தொலைபேசி, பழைய ஆய்வகம், பொதுவில் இருக்கிற தொழில்முறைப் பக்கம். பத்துல எத்தனை பேர் ஆராய்ச்சில இருக்காங்கன்னு தெரிஞ்சா, மீதி 26 பேர் எந்தப் பக்கம் சாய்வாங்கன்னு ஓரளவு பிடிபடும். எல்லாரையும் அரைகுறையாத் தேடறதுக்கு, பத்துப் பேரை முழுசாத் தேடறது மேல்.